மிதித்தால் கத்தும் லாரி

எங்கள் லாரிக்கு வயது இருபத்தாறு. பேராவூரணியிலிருந்து தேங்காய் ஏற்றிப் போகும் என் வீட்டுக்காரருக்கு அதைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்லக் கூடாது. சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை லோடு வலங்கைமான் பக்கம் போனால் நானும் ஏறிக்கொள்வேன். அங்கே என் அக்கா வீடு இருக்கிறது. அப்படிப் போகும்போதுதான், அவர் கிளட்சை மிதிக்கிற ஒவ்வொரு முறையும் கீழேயிருந்து 'கீய்ய்' என்று மெல்லிய சத்தம் வந்தது. காலை எடுத்தால் நின்றுவிடும். சொன்னேன். குருவியாக இருக்கும் என்றார். கிளட்சை மிதித்தால் கத்துகிற குருவியை நான் எங்கும் பார்த்ததில்லை. அடுத்த வாரமும் சொன்னேன். அப்படி ஒன்றுமில்லை, உனக்குத்தான் லாரியைக் கண்டால் ஆகாது என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீம்புக்கு மறுக்கிறார் என்று திட்டித் தீர்த்தேன். நாலாவது வாரம், மெக்கானிக்கிடம் காட்டாமல் ஏறமாட்டேன் என்று நின்றுவிட்டேன்.

மெக்கானிக் இன்ஜினை ஓடவிட்டு, மிதிக்கச் சொன்னார், விடச் சொன்னார். மிதித்தால்தானே சத்தம், அப்படியானால் கியர்பாக்ஸ் இல்லை, மிதிக்கும்போது கிளட்சைத் தள்ளுகிற ரிலீஸ் பேரிங்தான் தேய்ந்திருக்கிறது என்றார். அரை கிளட்சிலேயே ஓட்டுவீர்களா என்றும் கேட்டார்.

ஓட்டுவார். அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கம் பாதி ரோட்டில் நெல் காயும். மற்ற வண்டிகள் அதன்மேல் ஏறிப் போய்விடும். இவர் ஒரு மணி நெல்லின் மேலும் டயரை ஏற்றமாட்டார். கிளட்சைப் பாதி மிதித்தபடியே ஓரமாக ஊர்ந்து போவார். அந்த மனசுக்காகவே இந்த மனுஷனை எனக்குப் பிடிக்கும்.

"இவ்வளவு கத்துதே, உங்களுக்குக் கேக்கலையாண்ணே?" என்றார் மெக்கானிக்.

இவர் மறுபடி ஒரு தரம் மிதித்தார். சத்தம் நன்றாகவே வந்தது. இவரோ தலையைச் சாய்த்து, இன்னும் அதைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. வீம்பு இல்லை. அவருக்குக் கேட்கவேயில்லை. ஒரு மாதமாகத் திட்டியதை நினைத்து வெட்கமாகப் போயிற்று.

"கேட்டுச்சுங்க. நான்தான் அறுவடை முடியட்டும்னு சொன்னேன்" என்று மெக்கானிக்கிடம் கூசாமல் பொய் சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் பேரிங் மாற்றிய வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பினோம். இப்போது கத்துகிறதா என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்றேன். காது டாக்டரைப் பார்த்துவிடலாம், அதுவரை லோடுக்கு வேறு டிரைவரைப் போடலாம் என்றேன். சண்டைக்கு வருவார் என்று பார்த்தால், சரி என்றார்.

கொஞ்ச தூரம் போனதும் வண்டியை ஓரம் கட்டினார். எங்கள் ஒரே மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். மெல்லிய குரல் அவளுக்கு. வாரம் தவறாமல் போன் செய்வாள். இவருக்கு அவள் இன்னும் பாப்பாதான்.

"பாப்பா போன்ல பேசுறப்பல்லாம் நான் சும்மா சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். "ஒண்ணும் கேக்கறதில்ல."