மணவூருக்குப் போன கொலைக் கதை

என் வீட்டுக்காரர் திருத்தணியில் டவுன் பஸ் ஓட்டுகிறார். ஆர்.கே.பேட்டையில் வண்டியைத் திருப்பி நிறுத்தி டீ குடிக்கிற நேரத்தில் ஒரு முழுக் கொலைக் கதையை எழுதி முடித்தார் என்றால் யார் நம்புவார்கள்? நான் நம்பித்தான் ஆக வேண்டும். அத்தனையும் என் போனுக்குத்தான் மெசேஜாக வந்தது. எட்டு மாதம். பத்து வரி கொலை, நடுவில் வீட்டில் தக்காளி இருக்கிறதா என்று ஒரு "தக்காளி கீதா?", மறுபடி பத்து வரி கொலை.

முடிந்ததும் அவருக்கு ஒரே ஆசை. மணவூரில் நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் அவருடைய நைனா அதைக் கடைசி வரை படிக்க வேண்டும். என் மாமனார் எந்தக் கதையையும் பத்தாம் பக்கத்தில் மூடி வைத்துவிடுவார். "எவன் செத்தா எனக்கு இன்னா" என்பார். இவர் பயிர் வேண்டாம் என்று பஸ் ஓட்டப் போனதிலிருந்து இருவருக்கும் சண்டையெல்லாம் இல்லை, பேச்சுதான் இல்லை.

"நான் எழுதனதுன்னு சொல்லாத. சொன்னா தொடவே மாட்டாரு" என்றார். வீம்புக்கு ஒரு அளவு வேண்டாமா?

கண் ஆபரேஷனுக்குப் பிறகு மாமனாருக்குப் பொடி எழுத்து ஆகாது. என் ஈ-ரீடரில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கிறேன் என்று ஜம்பமாக ஒப்புக்கொண்டேன். சாட் முழுவதையும் டெக்ஸ்ட் ஃபைலாக இறக்கி ரீடரில் ஏற்றிப் பார்த்தால், ஐயோ சாமி, வரிக்கு வரி தேதி, மணி, அவர் பெயர். நாயகி கத்தியை எடுக்கிறாள், காலை 11:42.

லாப்டாப்பில் உட்கார்ந்தேன். தேதி, மணி, பெயர் மூன்றையும் ஒரே தட்டில் தூக்கினேன். "ஆங்", "கீது" என்று எட்டு மாதம் நான் பதில் எழுதிய இலக்கியமும் கூடவே போயிற்று. உடைந்த வரிகளை ஒட்டவைக்கப் போய் மொத்தக் கதையும் ஒரே பத்தியாகிவிட்டது. மறுபடி முதலிலிருந்து. பத்திக்குப் பத்தி ஒரு வரி இடம், அத்தியாயத்துக்கு அத்தியாயம் தலைப்பு. தக்காளி, பால், கேஸ் எல்லாவற்றையும் அரிசியில் கல் பொறுக்குவது போலக் கையால் பொறுக்கினேன். கடைசியில் வரிக்கு நாலு சொல்லாக, பக்கம் பளிச்சென்று வந்து நின்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. நானே எழுதியது போல வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மணவூருக்குப் போய் ரீடரைக் கொடுத்து, பக்கம் திருப்பவும் காட்டிவிட்டு வந்தேன்.

"யாரும்மா எழுதனது?" என்றார் மாமனார்.

"தெரியல மாமா."

அதற்குப் பிறகு இவர் படுத்திய பாடு இருக்கிறதே. வண்டியை நிறுத்தினால் போதும், போன். "நைனா பேசினாரா?" இல்லை. பத்தாம் பக்கத்தில் மூடிவிட்டார் என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டு, சோறு இறங்காமல் திரிந்தார். இனிமேல் ஒரு வரி எழுத மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை மதியம் இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமனார் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏம்மா, இன்னா கதைம்மா இது. இன்ஸ்பெக்டரு பொணத்தப் பொரட்டிப் பாத்துகினு கீறான். அடுத்த வரில, 'நைனாவுக்கு மாத்திர தீந்திருக்கும், போன் பண்ணிக் கேளு, நான் கேட்டேன்னு சொல்லாத'ன்றான்."

நான் பொறுக்கியதில் ஒரு கல் தப்பிவிட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். இவர் பிசைந்த சோற்றில் கையை வைத்தபடி அப்படியே இருந்தார்.

"மாசாமாசம் நீ கேப்பியே, நீயா கேக்கறன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றார் மாமனார். நான் போனை இவர் தட்டின் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"மாத்திர இன்னும் ஒரு வாரத்துக்குக் கீதுன்னு கேட்டவன்கிட்ட சொல்லிடு. கொன்னது யாருன்னு மட்டும் இப்ப சொல்ல வேணாம்னு சொல்லு. எனக்கு இன்னும் நாப்பது பக்கம் கீது."