காதுக்கு எட்டாத கை

நொச்சிக்குப்பத்துக்குள் நுழைந்தால் பொன்மணி ஆயா ஆட்களைப் பார்ப்பதில்லை, துணி காயும் கொடியைத்தான் பார்ப்பாள். அதில் ஒரு சின்னப் பாவாடை தொங்கினால் போதும், வாசலில் நின்றுவிடுவாள். "பொட்டப் புள்ளையே இல்லியா? அப்ப அந்தப் பாவாடைய உம் புருசனா கட்டிக்கினு கீறான்?"

கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. பெருக்குவதும் மணியடிப்பதும் போக, ஜூன் மாதம் முழுக்க வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்க்க இழுத்துவர வேண்டும். எழுத்து தெரியாது, தலை எண்ணத் தெரியும். ஒன்றாம் வகுப்பில் பையன்கள் நாலு வரிசை, பெண்கள் ஒன்றரை வரிசை. அந்த ஒன்றரையைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். "மூணு தம்பிங்க என் இடுப்புலயே வளந்தானுங்க. அவனுங்க கையெய்த்து போட்றானுங்க, நானு கைநாட்டு" என்பாள்.

யார் சொல்வதையும் லேசில் நம்பமாட்டாள். பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பாள். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றால் அவளுடைய செருப்பைத் தேடுவாள். தலைமை ஆசிரியர் தணிகாசலம் "வணக்கம்" என்று சொன்னால்கூட ஒரு நிமிஷம் யோசிக்கிறவள்.

இந்த வருஷச் சந்தேகம் மீன் விற்கும் பாஞ்சாலி மேல். போன வாரம் மகன் செம்பியனைத் தானே கூட்டிவந்து சேர்த்தாள். அவன்தான் மூத்தவனாம். மகள் தேவகி இளையவளாம், இன்னும் ஐந்து வயது ஆகவில்லையாம். அண்ணன்காரனுக்கு ஒரு பால்பல்கூட ஆடக் காணோம், தங்கைக்காரிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது எப்படி என்று ஆயா மடக்கினாள்.

"படகுல முட்டிக்கினா" என்றாள் பாஞ்சாலி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

பிறந்த தேதிக்குக் காகிதம் கிடையாது. காகிதம் இல்லாத பிள்ளைக்குக் கைதான் சாட்சி. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயது, சேர்த்துக்கொள்வார்கள். மூன்று நாள் நச்சரித்து, நாலாம் நாள் தாயையும் மகளையும் ஆயா பள்ளிக்கூடத்துக்கே இழுத்து வந்துவிட்டாள்.

தேவகி இடுப்பிலிருந்த கைக்குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கையைத் தூக்கினாள். விரல்கள் காதுக்கு இரண்டு அங்குலம் மேலேயே நின்றுவிட்டன.

"எட்டலையே ஆயா. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று தணிகாசலம் பதிவேட்டை மூடினார்.

"நான்தான் சொன்னேனே சார். இவளும் இஸ்கூலுக்கு வந்துட்டா, நான் மீன் கூடைய தூக்குவனா, இந்தக் கொயந்தைய தூக்குவனா?" என்றாள் பாஞ்சாலி. அவள் கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

மூலையில் பெருக்குவதுபோல நின்றிருந்த ஆயா விரல்களைப் பார்க்கவில்லை, முழங்கையைத்தான் பார்த்தாள். அது வேண்டுமென்றே விறைத்துக்கொண்டிருந்தது. பாஞ்சாலி முன்கூட்டியே சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறாள்!

தேவகி குழந்தையை வாங்கி வழக்கம்போல வலது இடுப்பில் வைத்து, வலது கையால் அணைத்துக்கொண்டாள். குழந்தை அவள் தோளில் முகம் புதைத்துக் கண்ணை மூடியது. ஆயா துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவினாள். பூனை மாதிரி பின்னால் போய், தேவகியின் வலது காதுக்குள் மெல்ல ஒரு குடைச்சல் கொடுத்தாள்.

வலது கையில் குழந்தை, முன்பக்கம் குழந்தையின் தலை. சும்மா இருந்த இடது கை விருட்டென்று தலைக்கு மேலே போய் வலது காதைப் பிடித்தது. பிடித்தபிறகும் இரண்டு விரல் மிச்சம் தொங்கியது.

"இன்னா சார், எட்டுதா?" என்றாள் ஆயா.

தணிகாசலம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"கைய எறக்குடி!" என்று கத்தினாள் பாஞ்சாலி.

தேவகி அம்மாவைப் பார்த்தாள். மேஜைமேல் மூடிக்கிடந்த பதிவேட்டைப் பார்த்தாள். பிறகு காதை விடாமல் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.