அப்பாவின் கல்வெட்டில் ஒல்லாந்தன்

அப்பா செத்த பிறகு அண்ணருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கல்வெட்டுக் கொடுப்பது எங்கள் வழக்கம். செத்தவரின் படம், பரம்பரை, நாலு தேவாரம் சேர்த்து அச்சடித்த சின்னப் புத்தகம். அந்தப் பொறுப்பை அஜக்ஸ் நகரில் இருக்கும் அண்ணர் எடுத்தார். நான் ஸ்காபரோ வீட்டில் அம்மாவோடு நின்று, துக்கம் விசாரிக்க வந்த சனத்துக்குத் தேத்தண்ணி ஊற்றினேன்.

அச்சான புத்தகங்களை அண்ணர் பெட்டியோடு கொண்டுவந்து வைத்தார். முதல் பக்கத்தில் அப்பா இல்லை. தோள்வரை பொய்மயிரும் இடுப்பில் வாளுமாக ஒரு வெள்ளைக்காரன். கீழே, 'எமது குலமுதல்வர், ஒல்லாந்துக் கடற்படைத் தளபதி'.

அப்பாவுக்குப் பூனைக்கண். அதை வைத்து ஊரில் யாரோ ஒல்லாந்தன் கலப்பு என்று பகிடி பண்ணியிருப்பார்கள். அண்ணர் இணையத்தில் தேடி, எங்கள் பக்கம் வந்துபோன தளபதிகளில் அப்பாவின் கண்ணும் மூக்கும் உள்ள ஒருவனைப் பிடித்திருக்கிறார். வேறு ஆதாரம் ஒன்றுமில்லை.

அண்ணரின் மகள் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிக்கிறாள். அந்தத் தளபதியைப் பற்றித் தேடி வாசித்துவிட்டு வந்து, குசினி அடுப்படியில் வைத்து எங்களுக்குச் சொன்னாள். சிறுவயதில் கப்பலேறியவன். சண்டைகளில் வென்று தளபதியானவன். நடுக்கடலில் காய்ச்சலில் செத்தான், உடலை அங்கேயே போட்டுவிட்டார்கள். இவ்வளவும் அண்ணர் தலையாட்டிக் கேட்டார்.

"சித்தப்பா, ஹீ சோல்ட் பீப்பிள். எங்கட கரையில ஆக்களைப் பிடிச்சு, கப்பல்ல அடைச்சு, ஜாவாவில கொண்டுபோய் வித்திருக்கிறான்."

அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான், உதெல்லாம் பார்த்தால் யாருக்கும் பரம்பரை மிஞ்சாது என்றார் அண்ணர். வெட்கமே இல்லை.

அதுவரை வாய் திறக்காத அம்மா கேட்டார்: "அப்ப உவனுக்குப் பிள்ளை பெத்த எங்கட பெட்டை ஆர்? கட்டிக்கொண்டு போனவனோ, பிடிச்சுக்கொண்டு போனவனோ?"

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கொடு என்று அம்மா சொல்ல, அண்ணர் ஓம் என்று தலையாட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அந்தியேட்டியன்று மண்டபத்தில் பெட்டியைத் திறந்தபோது வெள்ளைக்காரன் அப்படியே இருந்தான். எட்டிப் பார்த்த அண்ணரின் கூட்டாளி ஒருவர், தன் தாய்க்கும் பூனைக்கண், தாங்களும் இவர் வழிதானோ என்று கேட்டார். அவரை அங்கேயே அறைந்திருப்பேன்.

முதல் புத்தகம் செத்தவரின் மனைவிக்கு. அண்ணர் இரண்டு கையாலும் பணிவாக நீட்டினார். அம்மா கையைச் சேலைக்குள்ளிருந்து எடுக்கவேயில்லை.

"உவனுக்கு நான் தாலி அறுக்கேல்லை," என்றார், சபை முழுக்கக் கேட்க.