கேட் கொண்டி

மர்பி டவுனில் மலர் வீட்டு கேட்டின் கொண்டியைத் தூக்கியதும் அது கிறீச்சிட்டது. என் கை அப்படியே நின்றுவிட்டது.

கல்லூரி நாட்களில் ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்காமல் சனிக்கிழமைதோறும் மலரோடு இங்கே வந்துவிடுவேன். கிளம்பும்போது இந்தச் சத்தம் கேட்டால் போதும், பின்கட்டில் மீன் கழுவிக்கொண்டே அவள் பாட்டி குரல் கொடுப்பார். "யாரும்மா அது, சொல்லாம போறது?" போயிட்டு வரேன் என்று சொல்லும்வரை விடமாட்டார்.

சற்றுமுன்தான் பாட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. மறுபடி வருகிறேன் என்பது இன்னொரு சாவைக் கூப்பிடுகிற மாதிரி. வந்தவர்கள் எல்லாம் பேசாமல் போய்க்கொண்டிருந்தார்கள். சொல்லாமல் போக எனக்குக் கால் வரவில்லை. சொல்லவும் பயம். அதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"போயிட்டு வரேன் பாட்டி."

வாசலில் நின்ற பெண்கள் திரும்பி முறைத்தார்கள். இந்த வீட்டுக்கு என்ன கெடுதலை இழுத்துவிட்டேனோ. வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்த மலரின் அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"நீ எங்கடி கெளம்புற? அந்தத் தொடப்பத்த எடு. இந்தப் பக்கம் தண்ணி நிக்குது."