கொப்பியில் பத்து நிமிடம்

ஆறு வருடமாக, நானே பார்க்காத ஒன்றைப் பிள்ளைகளை எழுத வைத்தேன். நினைத்தால் இப்போதும் என் மேல்தான் எனக்கு எரிச்சல் வருகிறது.

கரைத்தீவுப் பக்கம் ஒரு பாடசாலையில் உயிரியல் படிப்பிக்கிறேன். உயிர்க்கலம் ஏன் ஓரளவுக்கு மேல் வளர்வதில்லை என்பதைக் காட்ட ஒரு செய்முறை உண்டு. ஏகார் என்ற இறுகிய கூழின் கட்டிகளைச் சாயத்தில் ஊறவைத்து வெட்டிப் பார்க்க வேண்டும். கட்டியின் பக்கம் மூன்று மடங்கானால் மேற்பரப்பு ஒன்பது மடங்காகும், கனவளவோ இருபத்தேழு மடங்காகிவிடும். கலத்துக்குச் சாப்பாடு மேற்பரப்பால்தான் போக வேண்டும். பெருத்தால் நடுப்பகுதி பட்டினிதான்.

ஏகார் கேட்டு வருடா வருடம் கல்வி அலுவலகத்துக்கு எழுதினேன். "கையிருப்பில் இல்லை" என்றே பதில் வந்தது. பகுதித் தலைவர் யாரோ எழுதிய ஒரு பழைய செய்முறைக் கொப்பியை நீட்டினார்.

"இதப் பார்த்து எழுதிப் போடுங்க டீச்சர். சோதனைக்கு அது காணும்."

சிறிய கட்டி பத்து நிமிடத்தில் முழுதும் சிவக்கும் என்று அதில் இருந்தது. அப்படியே கரும்பலகையில் எழுதிப் போட்டேன்.

இந்த வருடம் ஒரு மாணவி கேட்டாள். "டீச்சர், நீங்க கண்ணால கண்டீங்களா?"

"ஓம்" என்றேன், கூசாமல்.

நோன்பு விடுமுறையில் ஒருநாள், நோன்பு திறக்கக் கடற்பாசி காய்ச்சினேன். பாக்கெற்றின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஏகார் என்றிருந்தது. எங்கள் ஊரில் எந்த வீட்டு அடுப்பில் இது காயவில்லை? இல்லையென்று எழுதியவர்களை விடுங்கள். வருடா வருடம் இதைக் கிண்டிக் கிண்டிக் காய்ச்சிய எனக்கு என்ன கேடு?

பாடசாலை திறந்ததும் ஒரு தட்டுக் கடற்பாசியும் பீற்றூட் சாறும் கொண்டுபோனேன். முதல் பாடவேளையில், அன்று கேள்வி கேட்ட மாணவியே வெட்டி ஊறவைத்தாள். பத்து நிமிடத்தில் எடுத்துப் பார்த்தால், சிறிய கட்டிக்கு ஓரம் மட்டும் சிவப்பு. கடைசி மணி அடிக்கும்போதுதான் அது முழுதாகச் சிவந்தது. பெரிய கட்டியின் நடு அப்போதும் வெள்ளை.

"அப்ப கொப்பியில உள்ளது பிழையா டீச்சர்?"

வாசலில் நின்ற பகுதித் தலைவர் முந்திக்கொண்டார். "அத மாத்த வேணாம் மகள். மாத்தினா செய்முறைப் புள்ளிய வெட்டுவன்."

அவள் முகம் சுண்டிப் போயிற்று. தவணையில் முதலாவதாக வர அவளுக்கு அந்தப் புள்ளி வேண்டும்.

"நான் கண்டதில்ல மகள்" என்றேன், அவர் முன்னாலேயே. "அண்டைக்கு உங்களுக்குப் பொய் சொன்னன்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு தன் கொப்பியில் பத்து நிமிடத்தைக் கோடிட்டு வெட்டி, கண்ட நேரத்தை எழுதினாள். அதன் கீழே சிவப்புப் பேனையால் கையெழுத்துப் போட்டேன்.

ஆறு வருடத்து மற்றக் கொப்பிகளிலும், பத்து நிமிடத்தின் கீழே, இதே கையெழுத்துத்தான் இருக்கிறது.