ரெண்டே கால் வளையல்

முதல் முறை விமானத்தில் போனபோது எனக்கு ஜன்னலோரச் சீட்டு கிடைத்தது. ஆனால் வெளியே ஒன்றையும் பார்க்கவில்லை. மடியில் ஒரு அட்டைப்பெட்டி, அதற்குள் ஆறு டஜன் கண்ணாடி வளையல். புனே போய்ச் சேர்வதற்குள் ஒன்றும் உடைந்துவிடக் கூடாதே என்பதுதான் வழிநெடுக என் கவலை.

வளையல் என் பள்ளித் தோழிக்கு. பொத்தேரியில் கல்லூரி படிக்கும்போது கூடப் படித்த வடக்கத்திப் பையனை விரும்பி, பதிவுத் திருமணம் செய்துகொண்டு புனேவுக்குப் போய்விட்டாள். இரண்டு வருடமாக அவள் அம்மா அவளோடு பேசவில்லை. மாமியார் வீட்டிலும் அதே கதைதான். ஏழாம் மாதம் பிறந்ததும் போன் செய்தவள், "எனக்கெல்லாம் யாருடி வளையல் போடப் போறாங்க?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நானே வந்து போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். விமான டிக்கெட் எங்களைப் போன்றவர்களுக்கும் எட்டத் தொடங்கியிருந்த காலம் அது.

வளையல் வாங்குகிற இடத்தில்தான் கொஞ்சம் வம்பு செய்தேன். அவளுடைய அம்மாவே புதுப்பட்டினம் கடைத்தெருவில் வளையல் கடை வைத்திருந்தார். நேராக அங்கேயே போய் நின்றேன். மகள் பேச்சை அந்தக் கடையில் எடுக்கக் கூடாது என்று எனக்கு ஏற்கெனவே கட்டளை. அதனால் பேரைச் சொல்லவில்லை. கூடப் படித்த ஒருத்திக்கு ஏழாம் மாதம், வளைகாப்புக்காக விமானத்தில் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டாரா என்ற நப்பாசை.

"சைசு இன்னா?" என்றார். தெருக்கோடி வரைக்கும் கேட்கிற குரல் அவருக்கு.

பள்ளியில் எனக்கும் அவளுக்கும் ஒரே கை அளவு. என் வளையலை அவள் போட்டுக்கொள்வாள், அவளுடையதை நான். அந்த நினைப்பில் ரெண்டே கால் என்றேன். உள்ளே போனவர் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். செய்தித்தாள் சுற்றி, சணல் கட்டிய பெட்டியை நீட்டி, "ஒண்ணும் ஒடையாது, எடுத்துகினு போ" என்றார். காசை வாங்கிக் கல்லாவில் போட்டுவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார். இப்படியும் ஒரு கல் மனசா என்று திட்டிக்கொண்டே படியிறங்கினேன்.

கிளம்பிய அன்று செங்கல்பட்டு வரை பஸ், அங்கிருந்து மின்சார ரயில். எதிர்ப்பட்டவர்கள் எல்லோர் மேலும் எனக்கு எரிச்சல். பொத்தேரியில் மாணவர்கள் முதுகுப்பைகளோடு திமுதிமுவென்று ஏறினார்கள். பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இந்தக் கல்லூரியால்தானே இத்தனை வினை என்று அவர்களை முறைத்தேன். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்.

திரிசூலத்தில் இறங்கிச் சுரங்கப்பாதை வழியாக விமான நிலையத்துக்குள் போனால், சோதனை செய்கிற இடத்தில் பெட்டியை நிறுத்திவிட்டார்கள். காக்கி உடுப்புப் பெண் இந்தியில் ஏதோ கேட்டார். எனக்கு இந்தி தெரியாது. வயிற்றுக்கு முன்னால் கையை வளைத்துக் காட்டி, பிறகு மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓரத்தை மட்டும் பிரித்துப் பார்த்துவிட்டு, சணலைத் தானே முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். முன்பின் தெரியாத இந்தப் பெண்ணுக்கு இருக்கிற கரிசனம் பெற்றவளுக்கு இல்லையே என்று எனக்கு மறுபடியும் கோபம் வந்தது.

புனேயில் தோழியின் கணவர் வந்து அழைத்துப்போய் வீட்டில் விட்டுவிட்டு ஆபீசுக்குப் போனார். கதவைத் திறந்தவளைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. முகம், கால், கை எல்லாம் வீங்கியிருந்தன. மோதிரம் விரலில் ஏறாமல் தாலிச் சங்கிலியில் கோத்துப் போட்டிருந்தாள். இந்தக் கைக்கு ரெண்டே கால் எங்கே ஏறப்போகிறது? இவ்வளவு தூரம் குழந்தையைப் போல மடியில் வைத்துக் கொண்டுவந்தும் என் புத்திக்கு இது எட்டவில்லையே என்று அழுகை வந்தது.

கட்டிலில் உட்கார்ந்து தாளைப் பிரித்தோம். ஒன்றுகூட உடையவில்லை. சிவப்பு ஒன்றை எடுத்து முதலில் என் கையில் போட்டுப் பார்த்தேன். தொளதொளவென்று கழன்று விழுந்தது. அளவைக்கூட ஒழுங்காகப் பார்த்துத் தரவில்லை என்று வாய்விட்டே சொன்னேன்.

தோழி அதை எடுத்து விரலால் உள்ளே ஒரு சுற்றுத் தடவினாள். வளையல் கடையில் வளர்ந்தவள் அவள். "இது ரெண்டரை. நீ எவ்வளவு கேட்டே?" என்றாள். சொன்னேன். எந்தக் கடை என்று அவள் கேட்கவில்லை. சிறு வயதிலிருந்தே பார்த்துப் பழகிய அந்தச் சணலையும் தாள் மடிப்பையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டினாள். சோப்பு தேவைப்படவில்லை. ஒவ்வொன்றும் வலிக்காமல் ஏறி மணிக்கட்டில் நின்றது.

ஏழாம் மாதத்தில் கை வீங்கும் என்று நான் யோசிக்கவில்லை. கடைக்குள் வெகுநேரம் நின்றவர் யோசித்திருக்கிறார். வழியெல்லாம் அவரைத் திட்டியது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

தோழி போனை எடுத்துக் கடை எண்ணை அழுத்தினாள். எண்ணைத் தேடிப் புத்தகம் எதையும் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் எடுத்ததும் போனை மறு காதுக்கு மாற்றினாள். கை நிறைய வளையல் குலுங்கியது. நான் காதை வைத்துக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை, அந்தக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"கைக்குச் சரியா கீதுல்ல?"

"சரியா கீதும்மா" என்றாள் தோழி.