சிவப்பு நூலை அவிழ்த்த கை

என் வலது மணிக்கட்டில் ஒரு நூல் இருக்கிறது. குளிக்கும்போதும் பூப்பறிக்கும்போதும் அதைக் கழற்றுவதில்லை. கேட்பவர்களிடம் வேண்டுதல் என்று சொல்லிவிடுகிறேன். வேண்டுதல் இல்லை. ஒரு மனிதரின் கையை நான் முறித்த நாளில் என் கையில் கிடந்த நூல் அது.

எரியோட்டுப் பக்கம் அவரைப் பச்சிலைக்காரர் என்றுதான் சொல்வோம். கரட்டு மேட்டிலும் காட்டோரத்திலும் தோண்டி எடுத்ததை வெட்டிக் காயவைத்து, சந்தை முனையில் சாக்கு விரித்து விற்பார். அதிகம் பேசமாட்டார். ஆனால் ஒரு பழக்கத்தை விட்டதே இல்லை. உள்ளுக்குக் குடிக்கிற மருந்தென்றால் பொட்டலத்தில் வெள்ளை நூல். மேலுக்குப் பத்துப் போடுவதென்றால் சிவப்பு நூல். படிக்கத் தெரியாத சனத்துக்கு அந்த நூல்தான் மருந்துச் சீட்டு.

வேடசந்தூர் மில்லில் நின்றே வேலை பார்க்கும் என் தம்பிக்குக் கால் பெருவிரல் மூட்டு வீங்கிக் கிடந்தது. அவரிடம் இரண்டு பொட்டலம் வாங்கிவந்தான். வெள்ளையில் சீந்தில் தண்டு, சிவப்பில் கண்வலிக்கிழங்கு. வேலியில் தீப்பிடித்த மாதிரி பூக்குமே செங்காந்தள், அதன் கிழங்கு. முருகனுக்கு உகந்த பூ என்று நாங்கள் கும்பிடுகிற செடி. வெட்டிக் காயவைத்த பிறகு இரண்டும் எங்கள் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருந்தன. "மதினி, வெள்ள நூலு கட்டுனதக் காலையில கசாயம் வைங்க" என்று என் மனைவியிடம் சொன்னவன், பொட்டலங்களை முருகன் படத்தடியில் வைத்துவிட்டு ராத்திரி ஷிப்டுக்கு மில் பஸ் பிடிக்க ஓடினான்.

தோட்டத்திலிருந்து வந்து விளக்கேற்றப் போனேன். தம்பி மருந்து வாங்கியது எனக்குத் தெரியாது. படத்தடியில் சிவப்பு நூல் சுற்றிய பொட்டலத்தைப் பார்த்ததும் பழனியிலிருந்து யாரோ கொண்டுவந்த விபூதியும் கயிறும் என்று நினைத்தேன். அவிழ்த்துக் கண்ணில் ஒற்றிக் கையில் கட்டிக்கொண்டேன். பொட்டலம் பிரிந்து கிடக்கக் கூடாதே என்று, மடியில் இருந்த பூக்கட்டும் நூலை எடுத்துச் சுற்றிவைத்தேன். பூக்கட்டும் நூல் வெள்ளை.

மறுநாள் காலையில் என் மனைவி கைக்கு முதலில் அகப்பட்ட வெள்ளை நூல் பொட்டலத்தை எடுத்துக் கசாயம் வைத்துத் தம்பிக்குக் கொடுத்தாள். மதியத்துக்குள் அவன் தொண்டை எரியுது என்று சுவரில் தலையை மோதிக்கொண்டான். வாந்தி நிற்கவில்லை. பிறகு ரத்தமாகப் போனது. திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவன் என் தொடையைப் பிடித்திருந்தான். அவன் நகம் பதிந்த இடம் புண்ணாகிவிட்டது.

மிச்சத் துண்டுகளைப் பார்த்த டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "மூட்டு வீக்கத்துக்கு நாங்க எழுதுற ஒரு மாத்திரையே இந்தச் செடியில இருந்து எடுக்குறதுதான். ஆராய்ச்சி பண்ணி, இம்புட்டுண்டு அளந்து குடுக்குறோம். கிழங்குல எம்புட்டு இருக்குன்னு கண்ணால பாத்துச் சொல்ல முடியுமாய்யா? கொதிக்க வச்சாலும் வெசம் போகாது. முறிக்கவும் எங்ககிட்ட மருந்தில்ல. அவர் உடம்பு தாங்கணும்" என்றவர், "உள்ளுக்குன்னு இத யாரு குடுத்தது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் என்னை எழுப்பிவிட்டது. பஸ் ஏறி நேரே சந்தை முனைக்கு வந்தேன். பச்சிலைக்காரர் நிமிர்ந்து, "வா அப்பு, தம்பிக்குக் கால் வீக்கம் வத்திருச்சா?" என்றார். அவருடைய தோண்டுகம்பியையே எடுத்து வாயில் அடித்தேன். பல் சாக்கில் விழுந்தது. தடுத்த கையில் இரண்டாவது அடி. முழங்கை எலும்பு உடைந்த சத்தம் காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல் கேட்டது. சனம் கூடிவிட்டது. "ஏலே, வேரப் பிடுங்குற கையப் பிடுங்குங்கடா" என்று ஒருவன் சிரித்தான். ஆளாளுக்கு மிதித்தார்கள். பச்சிலை எல்லாம் ரத்தமும் மண்ணுமாய்க் கிடந்தது. அவர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "செவப்பு நூலு கட்டித்தானப்பு குடுத்தேன்."

மூன்றாம் முறை கம்பியை ஓங்கினேன். என் கண்ணெதிரே, என் மணிக்கட்டில், சிவப்பாக அந்த நூல்.

முருகா, நான் நிறுத்திவிட்டேன். கூட்டம் நிறுத்தவில்லை. "அவரு மேல தப்பில்ல, நாந்தேன்" என்று கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. அவர்மேல் விழுந்து மறைத்தேன். கொஞ்சம் மிதி என் முதுகுக்கும் வந்தது. அது போதாது.

தம்பி கிடந்த அதே ஆஸ்பத்திரியில் அவரையும் சேர்த்தேன். போலீஸிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். கேஸ் இன்னும் நடக்கிறது. தம்பி உடம்பு தாங்கியது. பத்தாம் நாளில் தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. "பழனிக்குப் போகாமலே மொட்டை போட்டுவிட்டுட்டானே உன் முருகன்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் கை நிமிரவே இல்லை, விரலும் மடங்கவில்லை. இப்போதும் சந்தை முனையில் உட்கார்ந்து சீந்திலும் வேம்பும் மட்டும் விற்கிறார். கண்வலிக்கிழங்கு இல்லை. நான் காலில் விழப்போனபோது காலை இழுத்துக்கொண்டார். "முடிச்சுப் போட முடியாதவன் வெசத்த விக்கக் கூடாதப்பு, அதேன் விட்டுட்டேன்" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

காலையில் சாமி கும்பிடக் கை குவிக்கும்போது நூலைப் பார்க்கிறேன். வெயிலிலும் தண்ணீரிலும் சாயம் போய் வெளுத்துவிட்டது. இன்றைக்கு யார் பார்த்தாலும் பூக்கட்டும் நூல் என்றுதான் சொல்வார்கள்.